நாற்பது நாள்களின் செலவு: அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் வசதியற்ற நோயாளிகளுக்கு மருத்துவ உதவிநிதி வழங்கிவரும் அறக்கட்டளைகளின் அறங்காவலர்களுக்கு எழுதப்படுவது இம்மடல்.

மாற்றுத்திறனாளிகளாகவும் திருநர்களாகவும் ஒருசேர வாழ்வோர் பாலின உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சைக்குப் பொருளுதவி கோரி அனுப்பும் விண்ணப்பங்கள் எவ்வகையில் படிக்கப்படுகின்றன, எவ்வகையில் படிக்கப்படுதல் தகும் என்பதே இம்மடலின் பொருள். பிறந்தபோது ஆண் என்றோ பெண் என்றோ குறிக்கப்பட்ட பாலுக்கும், வளர வளரத் தமக்குள் உணரும் பாலினத்திற்கும் இடையே பொருத்தமின்றி வாழ்வோரைத் திருநர் என்னும் பொதுச்சொல் குறிக்கிறது. அவர்களுள் தம்மைப் பெண்ணாக உணர்வோர் திருநங்கையர் என்றும், ஆணாக உணர்வோர் திருநம்பியர் என்றும் வழங்கப்படுகின்றனர். உணரும் பாலினத்திற்கு உடலை இயைவிக்கும் மருத்துவ முறைகளுள் அறுவையும் ஒன்று. மார்பகத்தை நீக்குதல் அல்லது அமைத்தல், விதைகளையோ கருப்பையையோ அகற்றுதல், பிறப்புறுப்பைச் சீரமைத்தல் எனப் பல அறுவைகள் அப்பெயரில் அடங்கும். எல்லாத் திருநரும் அவற்றை நாடுவதில்லை, நாடுவோரும் எல்லாவற்றையும் நாடுவதில்லை. நாளிதழ்கள் நெடுங்காலமாக எழுதிவரும் ‘பாலின மாற்று’ என்னும் சொல்லை விடுத்து ‘உறுதிப்பாடு’ என்னும் சொல் இங்கே கையாளப்படுவது நாகரிகம் கருதி மட்டும் அன்று. அறுவையால் மாறுவது உடல், பாலினம் முன்பே இருந்தது என்னும் கருத்தை அச்சொல் தாங்கி நிற்கிறது.

இத்தகைய விண்ணப்பம் அறங்காவலர் கூட்டத்தின் முன் வைக்கப்படும்போது எழத்தக்க முதற்கேள்வி, அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிச் செய்யப்படும் அறுவைக்கு அறக்கட்டளை எதற்காகப் பணம் தர வேண்டும் என்பதாகும். கேள்வி நியாயமானதே. 2008ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் திருநங்கையர்க்கென நல வாரியம் அமைத்த தமிழ்நாடு, இவ்வறுவையை அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் செய்வதிலும் பிற மாநிலங்களுக்கு முன்சென்றது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் மனநலம், நாளமில்லாச் சுரப்பியியல், பிளாஸ்டிக் சர்ஜரி எனப்படும் ஒட்டுறுப்பு அறுவையியல் முதலிய துறைகளை இணைத்துப் பாலின வழிகாட்டி மருத்துவப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. வேறு மாநிலங்களில் தனியார் மருத்துவமனைகளுக்கு லட்சக்கணக்கில் செலுத்துவோரோடு ஒப்பிட்டால் இது சிறிய பேறு அன்று.

ஆயினும் ‘கட்டணமில்லை’ என்னும் சொல் அறுவை அரங்கின் வாயிலில் தொடங்கி அவ்வாயிலிலேயே முடிந்துவிடுகிறது. அறுவைக்கு முன் மனநல மதிப்பீட்டிற்காகவும், ஹார்மோன் எனப்படும் இயக்குநீர்ச் சிகிச்சையின் கண்காணிப்பிற்காகவும் மாதக்கணக்கில், பலருக்கு ஆண்டுக்கணக்கில், மருத்துவமனைக்குச் சென்று திரும்ப வேண்டியுள்ளது. சிலவகைப் பிறப்புறுப்பு அறுவைகளுக்கு முன் அவ்விடத்து முடியை லேசர் மூலமோ மின்முறையிலோ பல அமர்வுகளில் நீக்கிக்கொள்ள வேண்டியுள்ளது. இராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு வரும் ஒருவர் நடக்க வல்லவராயின் அவருடைய பயணச் செலவு பேருந்துச் சீட்டோடு முடியும். படியேற இயலாதவருக்கோ அதே பயணம் வாடகைக் கார், உடன்வரும் ஓர் ஆள், அந்த ஆளின் அன்றைய கூலி, சக்கர நாற்காலி நுழையும் அளவுக்கு அகன்ற கதவுடைய கழிப்பறை அமைந்த விடுதியறை என்று நான்காகப் பெருகுகிறது. அத்தகைய கழிப்பறை உள்ள விடுதி மலிவான விடுதியாக இருப்பது அரிது. ‘போக்குவரத்தும் தங்குதலும்’ என்னும் தலைப்பின்கீழ் எழுதப்பட்டிருக்கும் தொகை அறுவைக்குரிய தொகையை விஞ்சி நிற்பதைக் கண்டு ஐயுறும் அறங்காவலர், அவ்விண்ணப்பத்தில் மிகவும் உண்மையான வரி அதுவே என்பதை அறிதல் வேண்டும்.

திருநங்கையர் சமூகம் இச்செலவை அறியாததன்று. தனக்கெனக் கடன்முறை ஒன்றையே அது வளர்த்து வைத்திருக்கிறது. விதைகளையும் ஆண்குறியையும் நீக்கும் அறுவைக்குச் சமூக வழக்கில் ‘நிர்வாணம்’ என்று பெயர். மருத்துவர் செய்வதும், தாயம்மா எனப்படும் மூத்த திருநங்கை ஒருவர் மரபுமுறையில் மயக்கமருந்தின்றிச் செய்துவந்ததும் ஆகிய இரண்டையும் அச்சொல் குறிக்கும். லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’, ஏ. ரேவதியின் ‘வெள்ளை மொழி’ ஆகிய தன்வரலாறுகளில் நிர்வாண அனுபவம் எழுத்தில் பதிவாகியுள்ளது. நிர்வாணம் ஆனவர் 40 நாள் வீட்டைவிட்டு வெளியேறாமல் மூத்தோரின் பராமரிப்பில் இருப்பதும், 40ஆம் நாள் மஞ்சள் பூசி நீராட்டிச் சடங்கு செய்யப்படுவதும் மரபு. சடங்கின் சமயப் பொருள் எதுவாயினும், காயம் ஆறும் காலத்திற்கு உணவும் துணையும் உறுதிசெய்யும் ஏற்பாடு அதனுள் பொதிந்திருப்பதை மருத்துவர்களும் மறுக்க இயலாது. அறுவைக்கும் அந்நாள்களுக்கும் ஆகும் செலவைக் குரு ஏற்றுக்கொள்வதும், சேலா எனப்படும் சீடர் பின்னர் ‘கடை கேட்டு’, அதாவது கடைகடையாகச் சென்று காசு பெற்று, அக்கடனை அடைப்பதும் அம்முறையின் மறுபாதி.

மாற்றுத்திறனாளியான திருநங்கைக்கு அடைபடும் முதற்கதவு இதுவேயாகும். கடைவீதியில் நாளெல்லாம் நடக்க இயலாதவருக்கும், கைதட்டிக் கேட்கும் குரலும் கடைக்காரரின் மறுமொழியும் செவியில் விழாதவருக்கும், வீதியின் நெரிசலைக் கண்ணால் கடக்க முடியாதவருக்கும் அக்கடனைத் திருப்பும் வழி இல்லை. வழியில்லாதவருக்குக் கடன் தரக் குரு தயங்குவாராயின் அதைக் கல்மனம் என்று சொல்லிவிட முடியாது, அவரும் அன்றாடம் ஈட்டி உண்பவரே. திருநம்பியருக்கோ இத்தகைய குரு–சேலா மரபே பெரும்பாலும் இல்லை. பெற்ற குடும்பமும் கைவிட்டு, சேர்ந்த சமூகத்தின் கடன்முறையும் எட்டாத நிலையில்தான் ஒருவர் அறக்கட்டளைக்கு விண்ணப்பம் எழுதுகிறார்.

அறுவையின் தன்மையே உடலுக்கு உடல் மாறுபடுவதை இங்குச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். ஏனெனில் அறக்கட்டளைகளின் விண்ணப்பப் படிவம் பெரும்பாலும் அறுவையின் பெயரையும் மருத்துவமனையின் மதிப்பீட்டுத் தொகையையும் மட்டுமே கேட்கிறது. முதுகுத்தண்டு காயமுற்றுக் கால்கள் செயலிழந்த திருநம்பி ஒருவர் மார்பக நீக்க அறுவை செய்துகொள்வதாகக் கொள்வோம். நடப்பவருக்கு அது சில வாரங்கள் பாரம் தூக்காமலும் கைகளை உயர்த்தாமலும் இருந்தால் ஆறிவிடும் அறுவை. நாற்காலியில் வாழ்பவருக்குக் கைகளே கால்கள். சக்கரத்தை உருட்டுவதும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் உடலைத் தூக்கி மாற்றுவதும் அறுவைக்கு உள்ளாகும் அதே மார்பை இழுக்கும் வேலைகள். எனவே காயம் ஆறும் வாரங்கள் முழுவதும் அவரைத் தூக்கி இறக்க ஆள் வேண்டும். இரவில் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்கவும் ஆள் வேண்டும், புரட்டத் தவறினால் படுக்கைப்புண் வந்து அறுவைக் காயத்தைவிடப் பெரிய காயமாகும். மார்புப்பகுதித் தண்டின் ஆறாம் முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுற்றவர்களுக்கு மற்றோர் இடரும் உண்டு. உணர்ச்சியற்ற பகுதியில் நேரும் வலித்தூண்டலும், சிறுநீர்ப்பை நிரம்பி வழி அடைபடுதலும்கூட இரத்த அழுத்தத்தைத் திடீரென உயர்த்திவிடும். தன்னியக்க நரம்பு மிகையெதிர்வினை என்று அறியப்படும் இந்நிலையைக் கையாளத் தெரிந்த மயக்கவியல் வல்லுநர் உள்ள மருத்துவமனை, வீட்டுக்கு அருகிலுள்ள மருத்துவமனையாக இருப்பதில்லை. தசைச்சிதைவு நோயுடையோர்க்குச் சில மயக்கமருந்துகளே விலக்கு; அவர்களுக்கு அறுவைக்குப் பின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கை முன்கூட்டியே உறுதிசெய்யப்பட வேண்டும்.

பெருமூளை வாதத்தால் தொடைத் தசைகள் இறுகிய திருநங்கைக்கு யோனி அமைப்பு அறுவை வேறுவகைச் சிக்கல்களைத் தருகிறது. கால்களை அகற்றி உயர்த்திவைத்துப் பல மணிநேரம் செய்யப்படும் அறுவை அது. இறுகிய இடுப்பு மூட்டு அதற்கு இசையாது போகலாம். அமைக்கப்பட்ட பாதை சுருங்கிவிடாதிருக்க விரிப்பான் என்னும் உருளைக் கருவியைத் தொடக்க மாதங்களில் நாள்தோறும் பலமுறையும், பின்னர் நெடுங்காலம் இடைவெளி விட்டும் பயன்படுத்த வேண்டும். கை நடுங்குவோரும் குனிய இயலாதோரும் அதைத் தாமாகச் செய்துகொள்வது கடினம். ஆழமான பாதை அமைக்காமல் புறவடிவத்தை மட்டும் சீரமைக்கும் அறுவையை இத்தகையோர் தேர்ந்துகொள்வது உண்டு. அதற்கு விரிப்பான் தேவையில்லை. ஆண்குறி அமைப்பிற்கு முன்கைத் தோல் எடுக்கப்படுவது வழக்கமாயினும், ஊன்றுகோலை நம்பி நடப்பவர்க்கும், கைகளாலேயே பேசும் காதுகேளாதோர்க்கும் முன்கைத் தோலை இழப்பது நடையையும் மொழியையும் பணயம் வைப்பதாகும்; தொடையிலிருந்து எடுக்கும் முறை அவர்களுக்குப் பொருந்தலாம். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை இரத்தக்கட்டு உண்டாகும் வாய்ப்பை மிகுவிப்பது. நாளெல்லாம் அசையாது அமர்ந்திருப்போர்க்கு அவ்வாய்ப்பு முன்பே மிகுதி என்பதால் தோல்வழி உட்புகும் களிம்போ ஒட்டுப்பட்டையோ பரிந்துரைக்கப்படுகிறது, அது மாத்திரையைவிட விலை மிக்கது. ஒரே பெயருடைய அறுவைக்கு இருவர் எழுதும் தொகை இருவேறாக இருப்பதன் காரணம் இவற்றில் அடங்கியுள்ளது. குறைந்த தொகையை அளவுகோலாகக் கொண்டு மற்றதை வெட்டுவது கணக்கர் வேலையாகலாம், மருத்துவ உதவி ஆகாது.

அடுத்து எழுவது, இது உயிர் காக்கும் சிகிச்சையா என்னும் கேள்வி. இருதயம், சிறுநீரகம், புற்றுநோய் ஆகியவற்றை முதலிலும், ‘அழகு சார்ந்தவை’ என்று கருதப்படுபவற்றை இறுதியிலும் வைக்கும் வரிசைமுறை வரையறுத்த நிதியுடைய அறக்கட்டளைகளுக்கு இயல்பானதே. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் பதினொன்றாம் பதிப்பு, 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, பாலினப் பொருத்தமின்மையை மனநோய் வரிசையிலிருந்து நீக்கிப் பாலியல் நலம் சார்ந்த நிலைகளின்கீழ் வைத்தது. நோய் என்னும் முத்திரையை விலக்கியபின்னும் பட்டியலில் அதை இருத்தியதற்கு ஒரு காரணம், சிகிச்சைக்கும் காப்பீட்டிற்கும் வழி அடைபடக் கூடாது என்பதாகும். அழகு என்னும் வகைப்பாடு மாற்றுத்திறனாளிகளின் வகையில் எவ்வளவு பிழைபடுகிறது என்பதற்கு ஒரு சிறு பொருளே சான்று. திருநம்பியர் பலர் மார்பை இறுக்கி மறைக்கப் பைண்டர் எனப்படும் கச்சை அணிகின்றனர். முதுகெலும்பு வளைந்து நுரையீரல் கொள்ளளவு குறைந்தவருக்கு அக்கச்சை மூச்சைத் திணறவைப்பது. விரல்கள் வலுவிழந்தவர் அதைத் தாமாக அணியவும் கழற்றவும் முடியாது; பிறர் கைதான் அதைச் செய்ய வேண்டும்.

பிறர் கை என்பதைக் கடந்து செல்லாமல் இங்கே நிற்க வேண்டியுள்ளது. தம் உடலைத் தாமே குளிப்பாட்டி, தாமே உடுத்திக்கொள்ளும் திருநர் ஒருவர், பொருந்தாத உடலைக் கதவடைத்து மறைத்துக்கொள்ளும் வசதியேனும் உடையவர். நீராட்டவும் உடுத்தவும் மலம் கழுவவும் பிறரை நம்பியிருப்பவருக்கு அம்மறைவு இல்லை. தாயோ, அண்ணியோ, கூலிக்கு வரும் உதவியாளரோ நாள்தோறும் அவ்வுடலைக் காண்கின்றனர். கண்டு, அவ்வுடலின்படியே ‘அம்மா’ என்றோ ‘தம்பி’ என்றோ அழைக்கின்றனர். உதவியாளர் மாறும்போதெல்லாம் தம்மைப் பற்றிப் புதிதாக விளக்க வேண்டியுள்ளது. விளக்கியபின் அவர் மறுநாள் வருவாரா என்பதும் உறுதியில்லை, வராவிட்டால் அன்று நீராட்டு இல்லை. இக்காரணத்தாலேயே உதவியாளரை வேண்டாம் என்று சொல்லி, நீர் அருந்துவதைக் குறைத்து, சிறுநீரகத் தொற்றுக்கு உள்ளாகும் நிலை எளிதில் நேரக்கூடியது. அழகுக்கும் உயிருக்கும் இடையே அறங்காவலர்கள் வரைந்துள்ள கோடு இவ்வுடலின்மேல் எங்கே விழுகிறது என்பதை ஒரு மருத்துவரை அருகில் வைத்துக்கொண்டு அவர்களே ஆராயலாம்.

மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தின் உள்ளிருந்தே எழும் ஐயம் ஒன்றும் உண்டு. ஊனத்தைக் குறையென்று கொள்ளாதீர், உடலை உள்ளவாறே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பல ஆண்டுகளாகக் கூறிவந்தோர், மார்பை மட்டும் அறுவையால் மாற்றப் பொருள் கேட்பது முரண் அன்றோ என்பது அது. பெருமூளை வாதத்துடன் வாழும் அமெரிக்கத் திருநர் எழுத்தாளர் ஈலை கிளேர், குணப்படுத்தல் என்னும் கருத்தை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட நூலில் இம்முரணைத் தம் உடலின்மீதே வைத்துப் பார்க்கிறார். தம் வாதத்தைக் குணப்படுத்த விரும்பாத அவர் மார்பை அறுவையால் மாற்றிக்கொண்டவர். இரண்டையும் ஒரே அளவையில் நிறுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதே சரியாகப் படுகிறது. படிக்கட்டுக்கு மாற்றாகச் சாய்தளம் கேட்பதும் உடலுக்கு அறுவை கேட்பதும், தம் வாழ்வு எதனால் தடைபடுகிறது என்பதை வாழ்பவரே சொல்ல வேண்டும் என்னும் ஒரே நிலைப்பாட்டிலிருந்து பிறப்பவை. தடை ஒருமுறை வெளியிலும் ஒருமுறை உடலிலும் இருக்கிறது.

காப்பீட்டின்வழி இச்செலவுகள் ஈடுசெய்யப்படும் என்று அறங்காவலர்கள் எண்ணக்கூடும். 2022 ஆகஸ்டில் மத்திய சமூகநீதி அமைச்சகமும் தேசிய சுகாதார ஆணையமும் செய்துகொண்ட உடன்படிக்கை, ஆயுஷ்மான் பாரத் டிஜி பிளஸ் என்னும் பெயரில், திருநர் சான்றிதழ் பெற்ற ஒருவருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான காப்பீட்டை அறிவித்தது; வேறு அரசுத் திட்டத்தில் இதே பயனைப் பெறாதிருத்தல் அதற்கு நிபந்தனை. தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்ப ஆண்டு வருமான வரம்பையும் குடும்ப அட்டையில் பெயர் இருத்தலையும் அடிப்படையாகக் கொண்டது. வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவரின் பெயர் பெற்றோரின் அட்டையிலேயே தங்கிவிடுகிறது, அல்லது நீக்கப்பட்டு எந்த அட்டையிலும் இல்லாமல் போகிறது. இவற்றுள் எதில் இடம்பெற்றாலும் காப்பீடு மருத்துவமனைக்குச் செலுத்துவது. வீட்டில் புரட்டிப் படுக்கவைக்கும் கைக்கு அது கூலி தராது.

ஓர் இடைக்குறிப்பு. ‘மாற்றுத்திறனாளி’, ‘திருநங்கை’ ஆகிய இரு சொற்களும் மு. கருணாநிதி முதல்வராயிருந்த 2006–2011 ஆட்சிக்காலத்தில் அரசு வழக்கில் நிலைபெற்றவை. ஒரே காலத்தில் பிறந்த அவ்விரு சொற்களும் அதன்பின் வெவ்வேறு துறைகளுக்குக் குடிபோயின; ஒன்று மாற்றுத்திறனாளிகள் நலத்துறைக்கு, மற்றது சமூக நலத்துறைக்கு. இரண்டும் ஒருவருக்கே பொருந்தும்போது அவர் இரு அலுவலகங்களில் இரு கோப்புகளாகிறார். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெரும்பாலும் சிறுவயதில், பெற்றோர் இட்ட பெயரில் வாங்கப்பட்டது. திருநர் சான்றிதழ் பின்னாளில் தாம் சூடிய பெயரில் பெறுவது. இரண்டிலும் ஒளிப்படமும் வேறு. கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகையும், 40 வயது கடந்த ஆதரவற்ற திருநங்கையர்க்கு மாதம் 1,500 ரூபாய் ஓய்வூதியமும் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்டுள்ளன. அறுவையை நாடும் இளையவருக்கு இரண்டாவது எட்டாது, முதலாவது பழைய பெயரில் வரும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 4,87,803 பேரையும் தமிழ்நாட்டில் 22,364 பேரையும் ஆண், பெண் அல்லாத ‘பிற’ என்னும் பகுப்பில் எண்ணி, அவர்களுள் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எழுத்தறிவு பெற்றோர் எத்தனைபேர் என்றும் வெளியிட்டது. மாற்றுத்திறன் என்னும் பத்தி அவ்வட்டவணையில் இல்லை. அறக்கட்டளையின் மேசைக்கு வரும் இரு சான்றிதழ்களில் பெயர் பொருந்தாமை மோசடியின் அறிகுறியாகக் கொள்ளப்படுவது இப்பின்னணியை அறியாததன் விளைவு.

பொருளியல் அறிஞர் அமர்த்திய சென் மாற்றுத்திறனாளிகளின் வறுமையை இரண்டாகப் பகுத்துக் காட்டியுள்ளார். வருமானம் ஈட்டுவதில் உள்ள தடை ஒன்று. ஈட்டிய அதே வருமானத்தை நல்வாழ்வாக மாற்றிக்கொள்வதில் உள்ள தடை மற்றொன்று. பிறருக்கு 100 ரூபாயில் கிடைப்பது மாற்றுத்திறனாளிக்கு அதே 100 ரூபாயில் கிடைப்பதில்லை என்பதே இரண்டாவதன் எளிய வடிவம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு இதை ஓர் எண்ணாகவே எழுதிவைத்திருக்கிறது: சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் உதவி, ஒத்த திட்டங்களில் பிறருக்குத் தருவதைக் காட்டிலும் குறைந்தது 25 விழுக்காடு மிகுதியாக இருத்தல் வேண்டும். அப்பிரிவு அரசுக்கு உரியது, அறக்கட்டளைகளைக் கட்டுப்படுத்துவதன்று. எனினும் அறக்கட்டளைகள் சட்டத்தின் பார்வைக்கு முற்றிலும் அப்பாற்பட்டவையும் அல்ல. அச்சட்டத்தில் ‘தனியார் நிறுவனம்’ என்பதற்குத் தரப்பட்டுள்ள விளக்கத்திலும், 2019இல் நிறைவேறிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘நிறுவனம்’ என்பதற்குத் தரப்பட்ட விளக்கத்திலும் அறக்கட்டளை என்னும் சொல் பெயர் சுட்டியே இடம்பெற்றுள்ளது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அறுவையையும் இயக்குநீர்ச் சிகிச்சையையும் அவற்றுக்கான காப்பீட்டையும் அரசின் பொறுப்புகளாக வரிசைப்படுத்தியது என்பதும், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் அறப்பணி என்பதற்கு விளக்கம் தந்தபோது மருத்துவ உதவி என்று மட்டும் கூறி ‘உயிர் காக்கும்’ என்னும் அடைமொழியைச் சேர்க்கவில்லை என்பதும் அறங்காவலர்கள் தம் விதிமுறைகளைத் திருத்தும்போது கருதத்தக்கவை.

பெற்றோர் கையொப்பம் கேட்கும் வழக்கம் தனியே குறிக்கத்தக்கது. வயதுவந்த ஒருவருக்கு அறுவை வேண்டுமெனில் அவருடைய ஒப்புதலே போதியது என்று ஏற்கும் அறக்கட்டளையும், விண்ணப்பித்தவர் மாற்றுத்திறனாளி என்று கண்டவுடன் ‘வீட்டில் யாரேனும் பெரியவர்’ கையெழுத்தைத் தேடத் தொடங்கிவிடுகிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் வாழ்வின் எல்லாத் துறைகளிலும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பிறருக்கு நிகரான சட்டத் தகுதியை ஏற்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை குறித்து முடிவெடுக்கும் ஆற்றல் மனநோயுடையவருக்கும் உண்டு என்பதையே தொடக்க நிலையாகக் கொள்கிறது. ஆட்டிசம் எனப்படும் தன்மையுடையோர் வகையில் முடிவெடுக்கும் ஆற்றல் பற்றிய ஐயம் மிகுதி; தம் பாலினத்தைப் பற்றி அவர்கள் குழம்பியிருக்கக்கூடும் என்று கருதப்படுகிறது. ஏறத்தாழ 6 லட்சத்து 40 ஆயிரம் பேரின் தரவுகளைக் கொண்டு 2020இல் வெளியான ஆய்வொன்று, பாலினப் பொருத்தமின்மையுடையோர் பிறரைக் காட்டிலும் 3 முதல் 6 மடங்கு ஆட்டிசத் தன்மையுடையவராக இருக்கும் வாய்ப்பைக் கண்டது. இரண்டும் ஒருவரிடம் சேர்ந்து காணப்படுவது வியப்புக்குரியதன்று என்பதையே அது காட்டுகிறது, ஒன்று மற்றதைப் பொய்யாக்குகிறது என்பதை அன்று. விளக்கங்களை எளிய தமிழிலும் படங்களாலும் தருதல், காதுகேளாதோர்க்குச் சைகைமொழிபெயர்ப்பாளரை அமர்த்துதல், பார்வையற்றோர்க்கு ஒப்புதல் படிவத்தைக் கணினி படித்துக்காட்டும் வடிவில் அனுப்புதல் என்பவை ஒப்புதலை உறுதிசெய்யும் வழிகள். அண்ணனின் கையெழுத்து அவ்வழிகளுள் ஒன்றன்று. சைகைமொழிபெயர்ப்பாளரின் ஊதியமும் மருத்துவச் செலவே.

பணம் தரும் முறையிலும் சில திருத்தங்கள் தேவை. செலவு செய்து ரசீதுகளை அனுப்பினால் பின்னர் ஈடுசெய்யப்படும் என்னும் விதி, கையில் முன்பணம் உள்ளவருக்கே பயன்படும். கூலியாளுக்கும் வாடகைக் காருக்கும் முத்திரையிட்ட ரசீது கேட்பது நடைமுறை அறியாமை. அறுவைக்குப் பின் சிறுநீர்ப்பாதையில் கசிவோ சுருக்கமோ ஏற்பட்டு மறு அறுவை வேண்டியிருப்பது ஆண்குறி அமைப்பில் அரிதன்று என்பதால், ஒருமுறை உதவி பெற்றவர் மீண்டும் விண்ணப்பிக்கலாகாது என்னும் விதி பாதி வழியில் இறக்கிவிடுவதற்கு ஒப்பாகும். நன்கொடையாளர்க்குக் காட்ட ஒளிப்படம் கேட்கும் வழக்கத்தைப் பொறுத்தவரை, இருதய நோயாளியின் முகப்படத்திற்கும் அறுவைக்கு முன்னும் பின்னுமான திருநரின் படத்திற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இறுதியாக, படிவத்தைப் பற்றி. எத்தனை நாள் மருத்துவமனையில் தங்க நேரும் என்று கேட்கும் வரிக்கு அடுத்து, வீடு திரும்பியபின் வரும் 40 நாள்களில் தூக்கவும் உண்பிக்கவும் கழுவவும் உடனிருப்பவர் யார், அவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு தர வேண்டும் என்னும் வரி ஒன்று சேர்க்கப்படுமாறு அறங்காவலர்களைக் கேட்டுக்கொள்வதே இம்மடலின் முதன்மைக் கோரிக்கை. உடனிருப்பவரின் பெயருக்கு எதிரே ‘நோயாளிக்கு என்ன உறவு’ என்று ஒரு கட்டம் இருக்கும். தாய், தந்தை, கணவர், மனைவி, மக்கள் என்னும் ஐந்து சொற்களுக்குக் கீழே, குரு என்றோ சேலா என்றோ தோழர் என்றோ சம்பளத்திற்கு வருபவர் என்றோ விண்ணப்பிப்பவர் தம் கையாலோ பிறர் கையாலோ எழுதிக்கொள்ளச் சிறிது வெற்றிடம் விடப்பட வேண்டும்.